வான் பாய்ந்த நாளில் எடுத்த படம்

மாதவிடாய் நின்று வருடங்கள் கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால், அதை வெட்கத்துக்குள் மறைத்துவைக்காதீர்கள். இந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்குக் குறையில்லை. மிகுதியை, என்னைப் போல எதையும் ‘எப்படி?’ என்று கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பொது நூலகத்தில் நான் நூலகராக இருக்கிறேன். என் கணவர் கமம் செய்பவர். எங்கள் வயல் இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றின் கடைசி முனையில் இருக்கிறது. மேலே உள்ள வயல்கள் எல்லாம் நனைந்த பிறகுதான் தண்ணீர் எங்களிடம் வந்துசேரும். அதனால் எங்கள் வீட்டில் தண்ணீர்க் கணக்கு, மற்ற வீடுகளில் அரசியல் பேசப்படுவதைப் போல நாள்தோறும் பேசப்படும். இது நோய்க்குச் சம்பந்தமில்லாத செய்தியாகத் தோன்றலாம். பிறகு சம்பந்தம் வரும்.

எனக்கு வந்தது கர்ப்பப்பைக் கழுத்தில் புற்றுநோய். முதலில் ஒரு சிறு துண்டுத் தசையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் நூலகத்தில் ஒரே அலுமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். முடிவு வந்த நாளில், நோய் கழுத்தைத் தாண்டிப் பக்கத்துத் தசைக்குள் இறங்கியிருப்பதாகவும், வெட்டி எடுப்பதைவிடக் கதிர்வீச்சும் அதனுடன் வாரம் ஒருமுறை ஏற்றும் மருந்தும் நல்லது என்றும் வைத்திய நிபுணர் சொன்னார். குணமாக்கும் நோக்கத்துடனேயே சிகிச்சை தருகிறோம் என்ற வார்த்தையை அவர் இரண்டுமுறை சொன்னார். திரும்பிவரும் பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரத்தை எனக்குத் தந்தார். கச்சான் கடலை வாங்கி, கோதை உடைத்து, பருப்பை மாத்திரம் என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். பரந்தன் வரும்வரை நான் அதைச் சாப்பிட்டேன்.

சாவைப் பற்றிய பயம் இருந்தது. ஆனால் அதைவிட அருகில், முகம் தெரிந்த வேறொரு பயம் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் கமலாக்கா பல வருடங்களுக்கு முன்னர் இதே நோய்க்கு வேறோர் ஊரில் கதிர்வீச்சு எடுத்தவர். கலியாண வீடு, பாடசாலைக் கூட்டம், எங்கே போனாலும் நாற்காலி வரிசையில் கதவோரத்துக் கதிரையில்தான் அவா இருப்பா. கூச்சமாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கும் அதே நோய் என்று தெரிந்த பிறகு நேரே போய்க் கேட்டேன்.

“உயிரைத் தந்திட்டுது பிள்ளை, குறை சொல்லேலாது,” என்றார். “ஆனா குடல் சுட்டுப்போச்சு. அவசரம் வந்தா வந்ததுதான், சொல்லிக்கில்லி வராது. பஸ் ஏறுறதெண்டா முதல்நாளே சாப்பாட்டை நிப்பாட்டிப்போடுவன். கதவுக்குக் கிட்ட இருந்தாத்தான் எனக்கு மனம் ஆறுதல்.”

அன்றிலிருந்து என் கேள்வி ஒன்றே ஒன்றாகியது. நோயைச் சுடும் கதிர், குடலைச் சுடாமல் போகுமா? கதவோரத்துக் கதிரை எனக்கும் காத்திருக்கிறதா?

சிகிச்சைக்கு வடக்கில் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வார நாட்களில் அருகிலிருந்த ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குவேன். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்து திங்கள் காலையில் திரும்புவேன். கதிர்வீச்சுக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அறைக்கும் பயணத்துக்கும் வெளியில் எடுத்த ஸ்கானுக்கும் வயல் வருமானம் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வேலை, படம் எடுப்பது. சிகிச்சைக்கு எந்த நிலையில் படுப்போமோ அதே நிலையில் படுக்கவைத்து வயிற்றை மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிப்பார்கள். அதற்கு முன் சலப்பையை, அதாவது சிறுநீர்ப்பையை, வெறுமையாக்கி, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். சலப்பை நிரம்பினால் அது மேலெழுந்து சிறுகுடலைத் தள்ளிவிடும். கதிர் போகும் வழியிலிருந்து குடல் விலகும். தாதி இதை விளங்கப்படுத்தியபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தண்ணீர் குடித்தால் குடல் தப்பும் என்றால், நிறையக் குடித்தால் நிறையத் தப்பும்! சொன்ன அளவு இரண்டு கோப்பை. நான் அறையிலிருந்து புறப்படும்போதே ஒரு பெரிய போத்தலைக் குடித்து முடித்திருந்தேன். அங்கே போய் அந்த இரண்டு கோப்பையையும் குடித்தேன். மேசையில் படுத்திருந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளையின் பெருமிதமும் இருந்தது.

அந்தப் படத்தை வைத்துத் திட்டம் போடுபவர் ஒரு மருத்துவ பௌதிகவியலாளர். பெயர் தாரணி. கதிர் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வலிமையுடன் வர வேண்டும் என்று கணினியில் வகுப்பது அவரின் தொழில். அவர் என்னிடம் ஒரு சம்மதம் கேட்க வந்தார். திட்டம் போடும் கணினி முறைகள் சிலவற்றைத் தன் மேற்படிப்புக்காக ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும், பெயரை நீக்கிவிட்டு என் படத்தையும் அதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டார்.

“தாராளமா. ஆனா எனக்குக் காட்டவேணும்,” என்றேன்.

அவர் சிரித்தார். “எல்லாரும் வலிக்குமோ எண்டுதான் கேக்கிறவை, அம்மா. சரி, வாங்கோ.”

திரையில் என் வயிறு ஒரு குளத்தின் வரைபடத்தைப் போல இருந்தது. நோய் இருக்கும் இடத்தை வைத்தியர் சிவப்பில் சுற்றியிருந்தார். சலப்பை மஞ்சள், குடல் பச்சை, மலக்குடல் மண்ணிறம். சிவப்புக்கு முழு அளவு போக வேண்டும், மற்றவற்றுக்கு இயன்றவரை குறைய. எல்லாவற்றையும் ஒருசேரப் பெற முடியாது. ஆகவே எதற்கு எவ்வளவு முக்கியம் என்று கணினிக்கு எண்களால் சொல்ல வேண்டும்.

“முதலாவது முறையிலை அந்த எண்களை நான்தான் குடுக்கிறன்,” என்றார் தாரணி. “கணினி ஒரு ஊகத்திலை துவங்கும். கதிர்களைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கும். விளைவு திறமா வந்தா வைச்சுக்கொள்ளும், இல்லாட்டி விடும். இப்பிடி ஆயிரம் தரம். முடிவு எனக்குப் பிடிக்காட்டி நான் எண்ணை மாத்தித் திரும்ப விடுவன்.”

“முடிஞ்ச இடம்தான் உள்ளதுக்குள்ள திறமான இடம் எண்டு எப்பிடித் தெரியும்? கொஞ்சம் தள்ளி இன்னும் திறமானது இருக்கலாமே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சில நேரம் தெரியாது. அதுதான் ஒப்பிடுறன்.”

இரண்டாவது முறையில் கணினி ஒன்றல்ல, பல திட்டங்களைத் தயாரிக்கும். ஒன்றில் குடலுக்குக் குறைவு, சலப்பைக்குக் கூடுதல், இன்னொன்றில் அதற்கு மறுவளம். எதிலும் ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைத் திருத்த முடியாது. திரையில் ஒரு சிறு கட்டையை இழுத்து அவற்றுக்கு நடுவே நகரலாம். அவர் அதை இழுத்தபோது பச்சைமேல் படிந்திருந்த கதிர் அளவின் நிழல் மெலிந்து, மஞ்சளின்மேல் தடித்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மூன்றாவது முறை வேறொரு கேள்வியைக் கேட்கிறது: படத்தில் இருப்பதுபோல உடல் நாளைக்கு இல்லாவிட்டால்? சலப்பை சிறுத்திருந்தால், கர்ப்பப்பை சரிந்திருந்தால்? அப்படிப் பல நிலைகளையும் கணக்கில் வைத்து, மிக மோசமான நிலையிலும் தாங்கக்கூடிய திட்டத்தை அது தேடும்.

“படத்திலை பார்த்தா இது எப்பவும் கொஞ்சம் திறம் குறைவாத்தான் தெரியும்,” என்றார் தாரணி. “நடக்காத விசயத்துக்கும் இடம் விடுறதாலை.”

எனக்கு வாய்க்கால் நினைவு வந்தது. “இது தண்ணி பங்கிடுற மாதிரித்தான். மேல் வயல் தண்ணியிலை தாழவும் கூடாது, கடைசி வயல் காயவும் கூடாது.”

“கொஞ்சம் அப்பிடித்தான். ஆனா வாய்க்காலிலை கதவை அடைக்கலாம், அம்மா. கதிருக்கு வயித்துக்குள்ள கதவில்லை. வாற வழியிலை உள்ளதெல்லாத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகும். அதாலைதான் நாங்கள் பல பக்கத்தாலையும் கொஞ்சம் கொஞ்சமா அனுப்புறம்; எல்லாம் சந்திக்கிற இடத்திலை மட்டும் முழு அளவு சேரும்.”

என் உவமை பாதியில் உடைந்ததில் எனக்கு ஏமாற்றமில்லை. உடையும் இடத்தில்தான் புதிதாக ஒன்று விளங்கியது.

என் படத்தில் இரண்டாவது முறையின் திட்டம்தான் வென்றது. குடலுக்குப் போகும் அளவு வியக்கத்தக்க விதத்தில் குறைவு. வைத்தியரும் அதை ஏற்றார். அன்று அறைக்குப் போய்க் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “கதவோரக் கதிரை தேவைப்படாது போல கிடக்கு.”

சிகிச்சை தொடங்கியது. காத்திருக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் மரியமலர் இருப்பாள். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். கணவன் கடலுக்குப் போகிறவன். அவளுக்கும் அதே இடத்தில் நோய், அதே தண்ணீர் விதி. ஆனால் அவளின் பிழை எனக்கு நேர் எதிரானது. பஸ்ஸில் போகும் நாளில் வாயில் தண்ணீர் வைப்பதில்லை என்பது போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவளின் உடம்பில் ஊறிய பழக்கம். இறங்கி ஒதுங்க இடமிருக்காது, இருந்தாலும் இறங்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் அது உண்டு. திங்கட்கிழமைகளில் அவள் காய்ந்துபோய் வந்து சேர்வாள். குடிக்கக் கொடுத்து, நிரம்பும்வரை இருத்தி வைப்பார்கள்.

இயந்திரத்தில் படுத்ததும் ஒவ்வொரு நாளும் முதலில் ஒரு சிறு படம் எடுத்து, உள்ளே எல்லாம் திட்டத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் நாள் எனக்கு ஒலிபெருக்கியில் குரல் வந்தது: “அம்மா, சலப்பை நிரம்பினது காணாது. எழும்பி இன்னும் குடியுங்கோ.” குடித்தேன். இருந்தேன். திரும்பப் படுத்தேன். “இன்னும் காணாது.” அடுத்த நாளும் அதே கதை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

“அக்கா,” என்றாள் மரியமலர், “உங்கட குளம் நிரம்ப முந்தி எங்கட கடல் வத்திப்போகும்.”

“நீ வாயை மூடு. திங்கட்கிழமை உன்ர கிணத்தையும் பார்த்தனாங்கள்தானே.”

சிரித்தோம். ஆனால் மூன்றாம் நாள் என்னை மேசையிலிருந்து இறக்கியவர்கள் திரும்ப ஏற்றவில்லை. வைத்தியரும் தாரணியும் திரையின் முன் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைய படத்தில் மஞ்சள் வட்டம் திட்டத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. தள்ளிவிடப்பட்டிருந்த குடல், அழைப்பில்லாத விருந்தாளியைப் போலச் சிவப்புக்கு அருகே வந்து உட்கார்ந்திருந்தது. கர்ப்பப்பையும் சரிந்திருந்தது. கதிர் குடலில் படுவது ஒரு பக்கம் இருக்க, நோயின் ஓரம் தப்பிவிடவும் கூடும் என்று வைத்தியர் சொன்னார்.

“அந்தப் பெரிய படம் எடுத்த அண்டைக்கு எவ்வளவு குடிச்சனீங்கள்?” என்று தாரணி கேட்டார்.

சொன்னேன். போத்தலின் உயரத்தைக் கையால் காட்டினேன்.

அவர் நெற்றியில் கைவைத்தார். “அம்மா! சலப்பை பெரிசாத்தான் இருந்தது. நான் உங்கட அளவே அதுதானாக்கும் எண்டு நினைச்சிட்டன். ரெண்டு கோப்பை எண்டு சொன்னது காரணத்தோடதான்.”

சிகிச்சையை நிறுத்தி, புதிதாகப் படம் எடுத்து, புதிய திட்டம் போட வேண்டும் என்றார்கள். நிறுத்தும் நாட்கள் நீளக் கூடாது என்றும் சொன்னார்கள். இந்த நோய்க்கு இடைவெளி நல்லதல்ல. அன்று பின்னேரம் கணவர் வந்தபோது நான் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கானில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “இங்கத்தைத் தண்ணி உவர், உமக்கு இறங்காது” என்று அதன்பிறகும் ஒவ்வொரு வாரமும் அப்படிச் சுமந்து வருவார். நடந்ததைச் சொன்னேன்.

கானை மூலையில் இறக்கி வைத்தார். பிறகு அவரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

“என்னப்பா, வான் பாயிற நேரத்து மட்டத்தை வைச்சு ஆராவது சிறுபோகத்துக்குப் பங்கு பிரிப்பாங்களா?”

வன்னிக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். மாரியில் இரணைமடு நிரம்பி வழிவதை வான் பாய்வது என்போம். சனம் பார்க்கப் போகும், படம் எடுக்கும். சிறுபோகம் என்பது அதற்குப் பிறகு, மழையில்லாத மாதங்களில் குளத்துத் தண்ணீரை மாத்திரம் நம்பிச் செய்யும் விதைப்பு. எல்லாக் காணியையும் விதைக்கத் தண்ணீர் காணாது. ஆகவே கமக்காரர் எல்லாரும் கூட்டம் கூடி, யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானிப்பார்கள். வான் பாய்ந்த நாளின் மட்டத்தை யாரும் அங்கே பேசமாட்டார்கள். வெயில் குடிப்பது போக, கசிவது போக, கடைசித் தண்ணீர் விடும் வாரத்தில் குளத்தில் என்ன நிற்கும் என்பதுதான் அங்கே பேச்சு. அந்தக் கூட்டங்கள் பற்றிய பேச்சை வருடாவருடம் சோற்றுக்கு முன்னால் கேட்டு வந்தவள் நான். என் உடம்பு என்று வந்தபோது வான் பாயும் அழகைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

புதிதாக இரண்டு படங்கள் எடுத்தார்கள்: சொன்ன அளவே குடித்து ஒன்று, சலப்பையை வெறுமையாக்கிய பின் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவே கர்ப்பப்பை எவ்வளவு அசைகிறது என்று பார்த்துச் சிவப்புக் கோட்டை அகலமாக்கினார்கள். பிறகு வைத்தியர் என்னைக் கூப்பிட்டு இரண்டு திட்டங்களைக் காட்டினார். ஒன்று இரண்டாவது முறையில் செய்தது. குடலுக்கு மிகக் குறைவு, ஆனால் சலப்பை நாள்தோறும் அதே அளவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். மற்றது மூன்றாவது முறை. குடலுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் சலப்பை கூடிக் குறைந்தாலும் தாங்கும்.

“நோயைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் எனக்குச் சரி,” என்றார். “ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நிரப்பிக்கொண்டு வர உங்களாலை ஏலுமோ? அதைப் பொறுத்துத்தான் முடிவு. உண்மையைச் சொல்லுங்கோ.”

முதல் திட்டத்தின் பச்சையைப் பார்த்தேன். எவ்வளவு வெளிச்சமாக இருந்தது! ஏலும் என்று சொல்ல வாய் உன்னியது. எதையும் ஒழுங்காகச் செய்பவள் என்றுதான் ஊரில் எனக்குப் பெயர். கமலாக்காவின் கதிரை கண்முன் வந்தது. அந்தக் கதிரையை விலக்கித் தருவதாகச் சொல்வது முதல் திட்டம்தானே. ஆனால் திங்கட்கிழமைப் பஸ்ஸை நினைத்தேன். மருந்து ஏற்றிய மறுநாள் வாந்தியுடன் இரண்டு கோப்பை எப்படி உள்ளே நிற்கும் என்று நினைத்தேன். நாட்போக்கில் சலப்பையே எரிந்து சுருங்கும் என்று தாதி சொன்னதையும் நினைத்தேன். முதல் திட்டம் ஒரு நல்ல நாளுக்கு உரியது. எனக்கு வரப்போவது பல வகை நாட்கள்.

“ஏலாது,” என்றேன். “சில நாளைக்கு ஏலும். எல்லா நாளும் ஏலாது.”

வைத்தியர் தலையசைத்தார். தாரணி முதல் திட்டத்தின் சாளரத்தை மூடினார். அந்தப் பச்சை மறைந்தபோது எனக்குள் ஏதோ கழன்று விழுந்ததை மறைக்க மாட்டேன்.

என் கணவர் வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்தார். இரண்டு கோப்பை அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் வெளியே ஆணியால் ஒரு கோடு கீறினார். “இதுதான் மட்டம். இதுக்கு மேல ஒரு சொட்டும் கூடாது, சொல்லிப்போட்டன்,” என்று, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் கதவுக்குப் பொறுப்பான அதிகாரியைப் போலச் சொன்னார். மரியமலர் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதிலும் கீறித் தரச் சொன்னாள். அதன்பின் திங்கட்கிழமைகளில் அவளின் பஸ் கொடிகாமம் தாண்டும்போது அவளிடமிருந்து அழைப்பு வரும். “அக்கா, குடிக்கிறன். துணைக்கு நீங்களும் குடியுங்கோ.”

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் பொய். மூன்றாம் வாரத்தில் வயிற்றோட்டம் தொடங்கியது. மருந்து ஏற்றிய நாட்களில் உலோகம் சப்பியதைப் போல வாய். கணவரின் தங்கை, என் மச்சாள், காய்ச்சி அனுப்பிய அரிசிக் கஞ்சி ஒன்றுதான் இறங்கியது. அதில் அவா யாருக்கும் தெரியாமல் எலுமிச்சை இலை போட்டிருந்தா. சலப்பை சில நாள் நிரம்பியது, சில நாள் பாதியில் நின்றது. ஆனால் இடைக்கிடை குறைந்த நாட்களிலும் ஒலிபெருக்கி, “சரி அம்மா, ஆடாமல் இருங்கோ” என்றே சொன்னது. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் மூன்றாவது முறைக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன். கடைசியில், உள்ளே நோயின் வாசலிலேயே கதிர்ப்பொருளைக் கொண்டுபோய் வைத்துக் கொடுக்கும் சிகிச்சை. அது மயக்கத்தில் நடந்ததால், கேள்வி கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சிகிச்சை முடிந்தபின் தாரணியிடம் கேட்டேன், எந்த முறை வென்றது என்று. “அப்பிடி ஒண்டு இல்லை அம்மா,” என்றார். “ஆரின்ர வயிறு, என்ன மாதிரி நாள் எண்டதைப் பொறுத்தது. அதைத்தான் எழுதப்போறன்.” கணினி முறைகளைப் பற்றி இதைவிட எனக்குத் திருப்தி தந்த பதிலை நான் வாசித்த எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

அண்மையில் எடுத்த படத்தில் நோய் தெரியவில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும். குடல் முழுவதும் தப்பவில்லை; சில சாப்பாடுகள் ஆகாது, சில நாட்களில் நூலகத்திலிருந்து அவசரமாக எழுந்து போகிறேன். மரியமலருக்கும் அப்படித்தான். “மழைக்காலம் மாதிரி அக்கா, வாறதுக்கு முந்தி கொஞ்சம் சத்தம் குடுக்குது,” என்கிறாள்.

இந்த வருடச் சிறுபோகக் கூட்டத்துக்குக் கணவருடன் நானும் போனேன். மண்டபம் நிரம்பியிருந்தது. கதவோரத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கமலாக்கா என்னைக் கண்டதும் அதைத் தட்டிக் காட்டினா. நான் அவவின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே நடந்தேன். நடுவரிசையில் ஒரு கதிரை. அதற்குப் போக முழங்கால்கள் பலவற்றைத் தாண்ட வேண்டும். எழுந்து வருவதென்றாலும் அத்தனை முழங்கால்களையும் தாண்ட வேண்டும்.

“உங்கையோ போறீர்?” என்றார் கணவர்.

“ஓம். இண்டைக்கு ஏலும்.”

உட்கார்ந்தேன். முன்னால் நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் மட்டத்தை வாசிக்கத் தொடங்கியிருந்தார். அளவு இனித் தேவையில்லை என்று கழுத்துவரை நிரப்பியிருந்த அந்தப் போத்தலைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கோடு வரைக்கும் குடித்தேன். இன்னும் தாகமாக இருந்தது, கோட்டுக்குக் கீழேயும் குடித்தேன்.